நாலு தலைமுறை, எட்டு எபிசோட்
வாசகர் கேள்வி – பதில்

குடும்ப நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக எழுதுவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

நான்கு தலைமுறைக் கதை, 620 பக்க நாவல். ஐம்பது நிமிட எபிசோட் எட்டுக்குள் அடக்கச் சொல்கிறார்கள். பக்கத்தை எட்டால் வகுத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– முதல் திரைக்கதை எழுதும் வாசகர்

வகுத்தால் வராதுதான். நாவலில் ஒரு கல்யாணப் பேச்சுக்கு 40 பக்கம் போகும். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியிலேயே 12 வருடம் ஓடியிருக்கும். எழுத்தாளருக்கு எங்கே மனசு நின்றது என்பதைத்தான் பக்கக் கணக்கு சொல்லும். கதை எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சொல்லாது.

ஒரு சீன்கூட எழுதுவதற்கு முன்னால் மூன்று வேலையை முடித்துவிடுங்கள்.

முதலாவது, வயதுப் பட்டியல். மேலே வருடங்கள், பக்கவாட்டில் ஆட்களின் பெயர்கள், கட்டத்துக்குள் அந்த வருடத்தில் அவருடைய வயது. பெரிய நாவல்களில், அதிலும் வாரா வாரம் பத்திரிகையில் வந்து பிறகு புத்தகமான நாவல்களில், வயது உதைக்கும். தாய்க்கும் மகனுக்கும் 11 வயதுதான் வித்தியாசம் என்றால் படிக்கிறவர் கவனிக்கமாட்டார். இரண்டு நடிகர்களைப் பக்கத்தில் நிறுத்தினால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, சம்பவ அட்டைகள். ஒரு சம்பவத்துக்கு ஓர் அட்டை. அதில் வருடம், இடம், யார் யார் இருந்தார்கள், அதற்குப் பிறகு யாருடைய நிலைமை மாறியது. கடைசிக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லையென்றால் அது எவ்வளவு அழகான பகுதியாக இருந்தாலும் அட்டை கிடையாது. அப்படியே கழித்தாலும் இந்த அளவு நாவலில் 200 அட்டை சர்வசாதாரணமாகத் தேறும். ஐம்பது நிமிட எபிசோடில் 35, 40 சீன் நிற்கும். ஆனால் நிலைமையை மாற்றுகிற சம்பவம் ஆறு ஏழுக்கு மேல் தாங்காது. எட்டு எபிசோடுக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் கூட. முக்கால்வாசி அட்டை வெளியே போகும் என்பதை முதல் வாரத்திலேயே தயாரிப்பாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது, யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது என்ற பட்டியல். இதன் அருமை ஆட்களைக் குறைக்கும்போதுதான் தெரியும். கீழே இன்னொரு கேள்வியில் வருகிறது.

பிறகுதான் பிரிப்பது. நான்கு தலைமுறை என்றால் கதை மூன்று தடவை கைமாறுகிறது. பார்க்கிறவர் இரண்டு மூன்று மணி நேரம் பழகிய முகத்தை விட்டுவிட்டு, தெரியாத முகத்தோடு உட்காரவேண்டிய இடம் அது. தலைமுறைத் தொடர்கள் ஆளை இழப்பது பெரும்பாலும் அங்கேதான். கைமாறும் இடத்தை எபிசோடின் கடைசியில் வைக்காதீர்கள். தாத்தா சாகிறார், எபிசோட் முடிகிறது, அடுத்ததில் 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுத்து போடுகிறீர்கள். கதையே முடிந்துவிட்ட திருப்தியில் பார்த்தவர் எழுந்து போய்விடுவார். எபிசோடின் மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் புதியவரைக் கொண்டுவாருங்கள். பழையவர் இன்னும் இருக்கவேண்டும். அவரால் முடிக்கமுடியாத ஒரு காரியம் புதியவர் கைக்குப் போகவேண்டும். அந்தக் காரியம் என்ன ஆகும் என்ற கேள்வியோடு எபிசோட் முடியட்டும். ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை என்றால் பார்க்கிறவர் கூடவே வருவார்.

இன்னொன்று: 'ஒரு பக்கம் ஒரு நிமிடம்' என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதையின் எழுத்துரு, ஓர அளவை வைத்து வந்தது. தமிழில் அதை நம்பாதீர்கள். ஸ்டாப்வாட்ச் வைத்து வசனத்தை வாய்விட்டுப் படித்து, அசைவுக்கும் மௌனத்துக்கும் நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாவல் வரிசையாகத்தான் போகிறது. இயக்குநர் பாட்டி காலத்தையும் பேத்தி காலத்தையும் மாற்றி மாற்றிக் காட்டலாம் என்கிறார். எது நல்லது?
– உதவி இயக்குநர்

இரண்டும் ஜெயித்திருக்கின்றன. 1977-இல் அமெரிக்காவின் ஏபிசி சேனல் எட்டு இரவு தொடர்ந்து ஒளிபரப்பிய 'ரூட்ஸ்' (ஓர் அடிமைக் குடும்பத்தின் தலைமுறைக் கதை) நேர்வரிசையில்தான் போனது. ஜப்பானில் வாழும் கொரியக் குடும்பத்தின் கதையான 'பச்சிங்கோ' நாவல் 1910-இல் தொடங்கி 1989 வரை வரிசையாக வருகிறது. 2022-இல் வந்த தொடர், 1989-இன் கிழவியையும் அவளுடைய இளமையையும் மாற்றி மாற்றிக் காட்டியது.

கலந்து சொன்னால் பெரிய லாபம், கைமாறும் தொல்லை பாதி குறைந்துவிடுகிறது. பேத்தியை முதல் எபிசோடிலேயே பார்த்தாகிவிட்டது, ஐந்தாவதில் அவள் புதுமுகம் இல்லை. நஷ்டமும் இருக்கிறது. பாட்டி எழுபது வயதில் உயிரோடு உட்கார்ந்திருப்பதைக் காட்டிவிட்டு, இருபது வயதில் அவளை ஆற்றில் தள்ளி எபிசோடை முடித்தால் யாரும் பதறமாட்டார்கள். 'பிழைப்பாளா?' என்ற கேள்வியை மறந்துவிட்டு, 'இவ்வளவு கலகலப்பாக இருந்தவள் எப்படி இப்படி வாயே திறக்காதவளாக ஆனாள்?' என்ற கேள்விக்கு மாறவேண்டும்.

கலப்பதென்றால் இரண்டு காலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது வந்தால் பார்க்கிறவர் கதையை விட்டுவிட்டு வருடத்தைத் துரத்த ஆரம்பித்துவிடுவார். ஒரு காலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது, முந்தைய சீன் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருக்கவேண்டும், அல்லது முந்தைய சீனில் ஒருவர் சொன்னது பொய் என்று தெரியவேண்டும். அகல்விளக்கை ஊதினால் பல்பு எரிகிற மாதிரியான தாவல் ஒரு தடவை அழகு, மூன்றாவது தடவை சலிப்பு.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: இரண்டு காலத்து சீன்களையும் தனித்தனியாகப் பிரித்து அடுக்கிப் படியுங்கள். தனியாகப் படிக்கும்போது எதுவும் குறையவில்லை என்றால் கலந்தது வீண்வேலை. பழைய காலம் முழுவதையும் பழுப்பு நிறத்தில் காட்டவும் வேண்டாம். ஐந்து நிமிட ஃப்ளாஷ்பேக்குக்கு அது சரி. தொடரில் பாதியே பழைய காலம் என்றால் கண் களைத்துப்போகும்.

நாவலில் ஒரே வரி: 'அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.' இதை வாய்ஸ் ஓவர் இல்லாமல் எப்படிக் காட்டுவது?
– நாடக எழுத்தாளர்

பேசாமல் இருப்பதை அப்படியே காட்டினால் ஒன்றும் நடக்காத சீன்தான் கிடைக்கும். அந்த மௌனத்தைக் காப்பாற்ற அவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று பாருங்கள். உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

கூடம். பகல். அண்ணன் நாற்காலியில் பேப்பர் படிக்கிறார். ஐந்தடி தள்ளி வாசற்படியில் தம்பி. நடுவில் தம்பியின் மகன், ஆறு வயது.

அண்ணன்: மோட்டார் ரிப்பேருக்கு நாளைக்கு ஆள் வரான்னு உங்கப்பாகிட்டச் சொல்லுடா.
பையன் (திரும்பி): மோட்டார் ரிப்பேருக்கு நாளைக்கு ஆள் வராங்களாம்ப்பா.
தம்பி: எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு பெரியப்பாகிட்டச் சொல்லு.
பையன் (திரும்பி): அப்பாவுக்குக் காது நல்லாக் கேக்குதாம் பெரியப்பா.

கட். அதே கூடம், அதே கோணம். அண்ணனின் தலை நரைத்திருக்கிறது. நடுவில் நமக்கு முதுகைக் காட்டி ஓர் இளைஞன்.

அண்ணன்: பத்திரத்தை எடுத்துட்டு வரச்...
இளைஞன் (உடைந்த குரலில், பெரியப்பா முடிக்கும் முன்பே): பத்திரம் வேணுமாம்ப்பா.

இப்போது அவன் திரும்புகிறான். முகத்தை அப்போதுதான் பார்க்கிறோம்.

பதினோரு வருடம் போய்விட்டது. எழுத்து எதுவும் போடவில்லை. முதலில் சிரிப்பாக இருந்தது, இரண்டாவதில் சிரிப்பு வரவில்லை. புதிய நடிகர் பழைய பையனின் வேலையைச் செய்தபடியே அறிமுகமாவதால், அவர் யார் என்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இதை எடுக்கும்போது முதல் ஷாட்டின் லென்ஸ், கேமரா உயரம், தூரம் மூன்றையும் குறித்துவைக்கவேண்டும். இரண்டு ஷாட்டுக்கும் நடுவில் மூன்று வார இடைவெளி இருக்கும். நினைவை நம்பி வைத்தால் கோணம் இம்மி தவறும், தாவல் விழாது.

வாய்ஸ் ஓவரே கூடாது என்பதில்லை. திரையில் தெரிவதோடு மோதுகிற, அல்லது திரையில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிற குரல் நிற்கும். எடிட்டில் அந்தக் குரலை ம்யூட் செய்து ஓட்டிப் பாருங்கள். அப்படியும் எல்லாம் புரிகிறதென்றால் அந்தக் குரல் வேண்டாம்.

ஒரே பாத்திரம் 8 வயதிலிருந்து 75 வரை வருகிறது. எத்தனை நடிகர்கள்? மேக்கப்பிலேயே சமாளிக்கமுடியாதா?
– கல்லூரி மாணவி

முப்பது வயது நடிகர் இருபத்திரண்டாகவும் நாற்பத்தைந்தாகவும் நடிக்கலாம். முடி, உடம்பு, நடை மாறினால் போதும். அதைத் தாண்டினால் ஆளை மாற்றுவதே மேல். முழு முகத்துக்கு ப்ரோஸ்தெடிக் (தோல் மாதிரி செய்த ஒட்டுத் துண்டுகள்) ஒட்ட மூன்று நான்கு மணி நேரம் போகும், கழற்ற இன்னொரு மணி. பன்னிரண்டு மணி நேர கால்ஷீட்டில் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்த சிலிக்கோன் துண்டுகளை ஒரு நாளுக்குமேல் பயன்படுத்தமுடியாது, ஒவ்வொரு நாளைக்கும் புதிது வேண்டும். போதாததற்கு 4கே குளோஸப்பில் ஒட்டின விளிம்பு எட்டிப்பார்க்கும்.

உங்கள் பாத்திரத்துக்கு மூன்று பேர் சரி. 'பச்சிங்கோ'வின் நாயகிக்கும் சிறுமி, இளம்பெண், கிழவி என்று மூன்று நடிகைகள்தான். யாருக்குத் திரையில் அதிக நேரமோ அவரை முதலில் தேர்ந்தெடுத்து, மற்றவர்களை அவருக்குப் பொருத்துங்கள். பெரும்பாலும் குழந்தையை முதலில் பிடித்துவிட்டு, அந்தக் கண்ணுக்கு ஏற்ற பெரியவரைத் தேடி அலைகிறார்கள், தலைகீழ்.

முக ஒற்றுமைக்காக ரொம்ப மெனக்கெடவேண்டாம். 'ரூட்ஸ்' தொடரில் நாயகன் குண்டா கிண்டேயாக இளமையில் லெவார் பர்ட்டனும் பிறகு ஜான் ஏமோஸும் நடித்தார்கள். இரட்டைப் பிறவி மாதிரி இருக்கவில்லை, பார்த்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். உறுத்துவது வேறு விஷயங்கள்: இடதுகைக்காரச் சிறுவன் வலதுகைக்கார வாலிபனாவது, மச்சம் கன்னம் மாறுவது, காது ஒட்டியிருந்தவருக்கு விரிந்த காது வருவது, பேச்சின் வேகம் மாறுவது. மூன்று பேரையும் ஷூட்டிங்குக்கு முன் நாலைந்து நாள் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரு சிறு பழக்கத்தை முடிவுசெய்யச் சொல்லுங்கள். பொய் சொல்வதற்கு முன் மோதிரத்தைத் திருகுவது போல, கதையில் வேலை இருக்கிற பழக்கமாக அது இருக்கட்டும். சும்மா மூக்கைச் சொறிவது அடையாளமாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஆட்கள் அதிகம். இரண்டு அத்தைகளை ஒருவராக்கினேன். கதை எங்கேயோ கசிகிறது.
– குறுந்தொடர் எழுதும் வாசகர்

எது யாருக்குத் தெரியும் என்பதில்தான் கசிகிறது. நாவலில் பெரிய அத்தைக்கு உயில் விஷயம் தெரியும். சின்ன அத்தைக்குத் தெரியாது, அதனால்தான் கல்யாணத்தை எதிர்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரையும் சேர்த்தால் உயில் தெரிந்த ஓர் அத்தை எதிர்க்கிறாள். 'இவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன் குதிக்கிறாள்?' என்பார்கள். குணம் ஒத்துப்போகிற இருவரைச் சேர்க்காதீர்கள். தெரிந்தது ஒத்துப்போகிற இருவரைச் சேருங்கள். முடியாதபட்சத்தில் ரகசியத்தை ஏற்கெனவே அந்த அறையில் இருக்கிற மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

பெயர்ச் சிக்கலும் இதோடு சேர்ந்தது. மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் ஒரே பெயர்கள் தலைமுறைதோறும் திரும்ப வரும். பல பதிப்புகளில் குடும்ப மரத்தையே முன்னால் அச்சிட்டிருப்பார்கள். தொடரில் புரட்டிப் பார்க்கப் பக்கம் கிடையாது. தமிழில் கூடுதலாக ஒரு தொல்லை: நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே குறைவு. ஒரே பெண்மணி ஒருவருக்கு அண்ணி, இன்னொருவருக்குச் சித்தி, மற்றொருவருக்கு அத்தை. இரண்டு எபிசோட் ஆகியும் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவரைவிட மூத்தவர் ஒருவர் பெயர் சொல்லி அழைக்கிற மாதிரி, முதல் எபிசோடிலேயே இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். பெயர்கள் வெவ்வேறு எழுத்தில் தொடங்கட்டும். முதல் இருபது நிமிடத்தில் ஆறு பேருக்குமேல் அறிமுகம் வேண்டாம். கல்யாண வீட்டில் தொடரை ஆரம்பித்து நாற்பது பேரைக் காட்டுவது கேமராவுக்குத்தான் விருந்து.

தாத்தா காலத்து வசனத்தை அந்தக் காலத்து நடையிலேயே எழுதவேண்டுமா?
– வாசகி

அரைவாசி. இலக்கணச் சுத்தமாக எழுதினால் புராண நாடகம் ஆகிவிடும். பேச்சுமொழியே இருக்கட்டும்; அன்று புழக்கத்தில் இல்லாத சொற்களை மட்டும் களையுங்கள். 'டென்ஷன் ஆகாதே' என்று 1930-இல் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தலைமுறைக்கு ஒரு சொல்லை மாற்றினாலே போதும்: தாத்தா சொல்லும் 'ப்ளஷர்' பேரனுக்குக் 'கார்'.

சேனலில் தினசரித் தொடராக 500 எபிசோட் கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?
– நாவலாசிரியர்

பணத்துக்காக என்றால் அது உங்கள் இஷ்டம். கதையின் பக்கத்திலிருந்து பார்த்தால், 22 நிமிட எபிசோட் 500 என்பது 180 மணி நேரத்துக்கும் மேல். பிபிசி 1967-இல் 'ஃபோர்சைட் சாகா' என்ற ஆங்கிலேயக் குடும்பக் கதையை 26 எபிசோடில் எடுத்தது. அதற்குப் பின்னால் ஒரு நாவல் இல்லை, ஒரு நாவல் வரிசையே இருந்தது. உங்கள் ஒரே நாவல் முதல் 60, 70 எபிசோடில் தீர்ந்துபோகும். மிச்சத்தை வேறு எழுத்தாளர்கள் வாராவாரம் ரேட்டிங்கைப் பார்த்து நீட்டுவார்கள். மாமியார் பாத்திரம் எடுபட்டால், நாவலில் இரண்டாம் பாகத்தில் செத்தவர் தொடரில் சாகவே மாட்டார். கைமாற்றமே நடக்காது. சம்மதிப்பதென்றால் 'இந்த நாவலைத் தழுவியது' என்று போடாமல் 'பாத்திரங்களை அடிப்படையாகக் கொண்டது' என்று போடச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிமை வாங்க எழுத்தாளரின் மகனிடம் பேசியிருக்கிறேன். வாய்வார்த்தையாகச் சம்மதித்துவிட்டார். எழுத ஆரம்பிக்கலாமா?
– இளம் தயாரிப்பாளர்

வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். தலைமுறை நாவலுக்குத் திரைக்கதை எழுதவே ஓராண்டு ஆகும். எனவே அந்த ஷரத்தை மறக்காமல் மாற்றி எழுதுங்கள்.

எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். மகன் ஒருவர்தான் வாரிசா? உயில் இல்லையென்றால் மகள்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். முதல் எபிசோட் வெளியாகிற வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வருவது அந்தப் பக்கமிருந்துதான். நாவலை மொழிபெயர்ப்பில் படித்தீர்கள் என்றால், மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. மூலத்துக்கு மட்டும் உரிமை வாங்கிவிட்டு மொழிபெயர்ப்பாளரின் வசனத்தை எடுத்தாளமுடியாது.

கதையில் ஒரே வீடு, ஆனால் 70 வருடம். படப்பிடிப்பை எப்படித் திட்டமிடுவது?
– கலை இயக்கப் பிரிவில் பணிபுரியும் வாசகர்

வீட்டைப் பழசாக்கலாம், பழசானதைத் திரும்பப் புதிதாக்குவது இரட்டைச் செலவு. அதனால் செட்டில் எடுப்பதென்றால் முதல் தலைமுறையை முதலில் எடுங்கள். புதுச் சுண்ணாம்பு, பளபளக்கும் கதவு எல்லாம் முடிந்ததும் கறை, விரிசல், ஒயரிங், ஸ்விட்ச் போர்டு என்று மேலே மேலே சேர்த்துக்கொண்டே போகலாம். காலத்துக்குக் காலம் நடுவில் இரண்டு மூன்று நாள் ஷூட்டிங் இல்லாமல் ஆர்ட் டிபார்ட்மென்டுக்கு விடவேண்டும். அந்த நாட்களில் வெளிப்புறக் காட்சிகளை வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே வருமென்றால், எல்லாத் தலைமுறையிலும் வருகிற மூத்த நடிகருக்குப் பதினைந்து நாள் தொடர்ச்சியாகத்தான் கால்ஷீட் கிடைக்கும். அவருக்காக வீட்டை முன்னும் பின்னும் மாற்ற ஆரம்பித்தால் திட்டமே குலைந்துவிடும். அவருடைய சீன்களை ஓர் அறைக்குள் கொண்டுவந்து, அந்த அறையை மட்டும் தனிச் சுவர்களோடு இன்னொரு படப்பிடிப்புத் தளத்தில் போட்டுவிடுங்கள். சுவர்களைக் கழற்றி மாட்டும்படி செய்தால் காலையில் 1950, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 1980 எடுக்கலாம்.

ஒவ்வொரு காலம் முடிந்ததும் சுவர் சுவராகப் புகைப்படம் எடுத்து, வருடத்தை எழுதி கன்டினியூட்டி ஃபைலில் (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ள வைக்கும் பதிவு) வையுங்கள். எடிட்டில் ஒரு ஷாட் குறைகிறது என்று மூன்று மாதம் கழித்துச் சொல்வார்கள். அப்போது ஒரு மூலையை மட்டும் திரும்பக் கட்டவேண்டியிருக்கும். காலண்டர் எந்த ஆணியில் தொங்கியது என்பதற்கு அந்தப் படம்தான் பதில்.